502 வருவது என்ஜின்எக்ஸின் தப்பு அல்ல: வெளி சர்வரிலிருந்து வீட்டு ஸ்விட்சை எட்டும் வழி

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு ஒன்று, ஹால் லைட்டுக்கு ஒன்று என டாஸ்மோட்டா என்ற மென்பொருள் ஏற்றிய, இஎஸ்பி8266 வைஃபை சிப் உள்ள இரண்டு ஸ்விட்சுகள் வீட்டில் இருக்கின்றன. அவற்றை இயக்க ஃபிளாஸ்க்கில் (பைதானில் வெப் ஆப் எழுதும் கருவி) ஒரு வெப் ஆப் எழுதியிருக்கிறீர்கள். லேப்டாப்பில் ஓட்டினால் பட்டனைத் தொட்டதும் ரிலே 'டிக்' என்கிறது. அதையே வாடகை விபிஎஸ்ஸில் (டேட்டா சென்டரிலுள்ள மெய்நிகர் சர்வர்) ஆப்பை ஓட்டும் குனிகார்ன், அதன் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், எச்டிடிபிஎஸ் எல்லாம் போட்டு ஏற்றியபின் பக்கம் திறக்கிறது, லாகின் ஆகிறது. பட்டனை அழுத்தினால் மட்டும் அரை நிமிடம் சுற்றிவிட்டு 502 என்ற பிழை வருகிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடுவது) போட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. என்ஜின்எக்ஸில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். அங்கே மாற்ற ஒன்றுமில்லை. வெளியூரில் இருக்கும் சர்வர், உங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஸ்விட்சை எந்த வழியாக எட்டும் என்பதுதான் நீங்கள் பிடிக்க வேண்டிய கேள்வி.

முதலில் அந்த 502. குனிகார்னின் சாதாரண வொர்க்கர் (கோரிக்கையைக் கையாளும் ப்ராசஸ்) 30 வினாடிக்குள் வேலையை முடிக்காவிட்டால், அதன் மேலாளர் அதைக் கொன்றுவிடும். அதுதான் இயல்புநிலை அமைப்பு. உங்கள் ஆப் ஸ்விட்சின் முகவரிக்கு அழைப்பு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. நேர வரம்பு ஏதும் நீங்கள் வைக்கவில்லை என்றால், பதில் வராத இணைப்பை லினக்ஸ் சுமார் 127 வினாடி வரை விடாமல் முயலும். 30-ஆவது வினாடியில் வொர்க்கர் செத்துவிட, பதில் சொல்ல ஆளில்லாத என்ஜின்எக்ஸ் 502 காட்டுகிறது. குனிகார்ன் லாகில் 'வொர்க்கர் டைம்அவுட்' என்ற வரி அதே நேரத்தில் பதிவாகியிருந்தால் இது உறுதி. குனிகார்னின் வரம்பை 120 ஆக்கினால் பிழை மறையாது: என்ஜின்எக்ஸ் தன்னுடைய 60 வினாடி வரம்பில் பொறுமை இழந்து 504 காட்டும், அவ்வளவுதான். எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஆப்பிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு அழைப்புக்கும் 5 வினாடி வரம்பு வையுங்கள். அப்போதுதான் உண்மையான பிழை என்னவென்று கண்ணில் படும்.

அந்தப் பிழை அநேகமாக இதுதான்: உங்கள் கோடிங்கில் ஸ்விட்சின் முகவரி 192.168 என்று தொடங்குகிறது. 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் முகவரிகள் எல்லாம் 1996-இலிருந்தே வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் புழங்க மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை. தெருவும் ஊரும் எழுதாமல் 'கதவு எண் 45' என்று மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்ட கடிதம் போல. லேப்டாப்பும் ஸ்விட்சும் ஒரே வீட்டில் இருந்தவரை கதவு எண் போதுமாக இருந்தது. சர்வர் டேட்டா சென்டரில் இருக்கிறது, அங்கே 192.168.1.45 என்றால் ஒன்று யாருமில்லை, அல்லது சம்பந்தமே இல்லாத வேறொரு மெஷின். சர்வருக்குள் எஸ்எஸ்எச் மூலம் நுழைந்து, அந்த முகவரிக்கு 5 வினாடி வரம்போடு கர்ல் கட்டளையால் ஓர் அழைப்பு விட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இதில் வரும் பிழையை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 'டைம்டு அவுட்' என்றால் பொட்டலம் வழியிலேயே தொலைந்தது அல்லது ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் ஏதோ ஒரு மெஷினை எட்டிவிட்டோம், அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஒரு கிளைப்பாதையையும் சொல்லிவிடுகிறேன், இதே புகாரோடு வருகிறவர்களில் பலர் அங்கேதான் நிற்பார்கள். ஸ்விட்சை அழைப்பது சர்வர் அல்ல, பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்றால் நோய் வேறு. பிரௌசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பட்டனை அழுத்துங்கள். கோரிக்கை உங்கள் டொமைனுக்குப் போகிறதா, நேரே 192.168-க்கா? நேரே போனால், எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து பூட்டில்லாத எச்டிடிபி முகவரியை அழைப்பதைப் பிரௌசர் தடுக்கும். 2025 அக்டோபரில் வந்த குரோம் 142 முதல், வெளி இணையதளம் ஒன்று வீட்டு நெட்வொர்க்கைத் தொட்டாலே பயனரிடம் அனுமதி கேட்கிறது. எல்லாம் சரிசெய்தாலும் நீங்கள் வீட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டுமே ஓடும். உங்களுக்கு 502 வருவதால் அழைப்பது சர்வர்தான் என்று தெரிகிறது, இதை விட்டுவிடலாம்.

இனி, போர்ட் ஃபார்வர்டிங் ஏன் வேலை செய்யவில்லை என்பது. இங்கே உங்கள் ரவுட்டரைப் பார்க்காமல் என்னால் ஊகிக்கத்தான் முடியும், ஆனால் முதல் சந்தேகம் சிஜிநாட். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன, அதுதான் சிஜிநாட். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் டபிள்யூஏஎன் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். பிறகு 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களிடம் பொது முகவரி இருக்கிறது. ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் அது சிஜிநாட்டேதான். 2012-இல் இந்தத் தொகுதி அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அப்படியானால் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை, மேலே நிறுவனத்தின் கதவு மூடியே இருக்கும். ரவுட்டர் காட்டுவது 192.168 என்றே இருந்தால், ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டராகவும் நீங்கள் வாங்கி வைத்தது இன்னொன்றாகவும் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சோதிக்கும்போது வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு உங்கள் பொது முகவரியை அழைக்காதீர்கள். உள்ளிருந்து வெளியே போய் உள்ளே திரும்புவதைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. வெளியிலிருந்து வேலை செய்வதும் உள்ளிருந்து செத்ததாகத் தெரியும். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்தாலும் அதை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். டாஸ்மோட்டாவின் வெப் பக்கம் பூட்டில்லாத எச்டிடிபி. கடவுச்சொல் வைத்தாலும் அது வழியெல்லாம் திறந்தே போகும். இணையத்தில் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடிப் பட்டியல் போடும் ஷோடான் போன்ற தேடுபொறிகள் இருக்கின்றன. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடையில் வந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் படை திரட்டியது. மாடியில் மோட்டாரை இயக்கும் பெட்டியை அந்தச் சந்தையில் வைக்க வேண்டாம்.

சரியான வழி, அழைப்பின் திசையைத் திருப்புவது. சர்வர் வீட்டை அழைக்கக்கூடாது. வீடு சர்வரை அழைக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை சிஜிநாட்டும் தடுக்காது, ரவுட்டரும் தடுக்காது. திறந்த இணைப்பு திறந்தே இருக்க, அதன் வழியாகவே கட்டளை திரும்பி வரும். இதற்கென்றே இருப்பது கருவிகள் சேதி பரிமாறும் எம்க்யூடிடி என்ற முறை, டாஸ்மோட்டாவில் அது உள்ளேயே வருகிறது. நடுவில் ஒரு புரோக்கர் வேண்டும். புரோக்கர் என்றதும் வீட்டு புரோக்கர் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, வேலை அதேதான்: இரண்டு தரப்பும் நேரில் பார்த்துக்கொள்ளாமலே சேதி கைமாறும். விபிஎஸ்ஸில் மாஸ்கிட்டோ என்ற புரோக்கர் மென்பொருளை நிறுவுங்கள். ஸ்விட்ச் அங்கே வந்து தன் பெயருக்கு (எம்க்யூடிடியில் இதைத் தலைப்பு என்பார்கள்) வரும் கட்டளைக்காகக் காத்திருக்கும், உங்கள் ஆப் அதே புரோக்கரிடம் கட்டளையைக் கொடுக்கும்.

மாஸ்கிட்டோவை நிறுவியதும் பலர் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, எந்தப் போர்ட்டில் கேட்பது என்று சொல்லும் லிசனர் வரி கான்ஃபிகில் இல்லாவிட்டால் அது தன் மெஷினுக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். வரி சேர்த்தபின் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாதவரை உள்ளே விடாது. இரண்டும் நல்லதுதான், ஆனால் பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்தால் 'ரெஃப்யூஸ்டு' என்று முகத்தில் அடிக்கும். லிசனர் 8883, சான்றிதழ்க் கோப்பு, சாவிக் கோப்பு, கடவுச்சொல் கோப்பு, இத்தனையும் கொடுங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் சாவி ரூட் பயனர் மட்டும் படிக்கக்கூடிய ஃபோல்டரில் இருக்கும், மாஸ்கிட்டோவோ தன் பெயரிலுள்ள சாதாரணப் பயனராக ஓடும். எனவே மாஸ்கிட்டோ படிக்கக்கூடிய இடத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும். அடுத்து ஃபயர்வால். விபிஎஸ்ஸுக்கு இரண்டு கதவு: மெஷினுக்குள் ஓடும் யுஎஃப்டபிள்யூ ஒன்று, நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில் இருப்பது இன்னொன்று. 8883-ஐ இரண்டிலும் திறக்க வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்தால் மறுபடியும் அதே மௌனமான டைம்-அவுட்.

இப்போது ஒரு தொல்லை. இஎஸ்பி8266-க்கான வழக்கமான டாஸ்மோட்டா கோப்பில் டிஎல்எஸ் (இணைப்பைப் பூட்டும் குறியாக்கம்) கிடையாது. நினைவகம் போதாத சிப் அது. வேண்டுமானால் நீங்களே தனியாகக் கம்பைல் செய்து ஏற்ற வேண்டும். இஎஸ்பி32-க்கான கோப்பில் உள்ளேயே வருகிறது. அதற்காக 1883 போர்ட்டில் பூட்டில்லாமல் கடவுச்சொல்லை இணையத்தில் அனுப்பாதீர்கள். வீட்டில் பழைய ராஸ்பெரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர்) ஒன்று இருந்தால் அதில் இன்னொரு மாஸ்கிட்டோவை வைத்து, ஸ்விட்சுகளை அதனுடன் சாதாரண 1883-இல் இணைத்து, பையிலிருந்து விபிஎஸ்ஸுக்கு டிஎல்எஸ் போட்ட பிரிட்ஜ் (இரண்டு புரோக்கர்களை இணைக்கும் பாலம்) கட்டுங்கள். எனக்குக் கேட்டால் இஎஸ்பி32 இருந்தாலும் இதையே தேர்ந்தெடுப்பேன்: இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் ஸ்விட்ச் வேலை செய்யும். பிரிட்ஜில் கட்டளைத் தலைப்பை உள்ளே வரும் திசையிலும், நிலைத் தலைப்புகளை வெளியே போகும் திசையிலும் மட்டும் கொடுங்கள். எல்லாவற்றையும் இருதிசை என்று போட்டுவைத்தால், எந்தச் சேதி எங்கிருந்து கிளம்பியது என்று பிறகு லாகில் தேடி மாளாது.

அடுத்தது சர்வரில் உங்கள் ஆப். லேப்டாப்பில் ஒரே ப்ராசஸாக ஓடியது, சர்வரில் குனிகார்ன் நான்கு வொர்க்கர்களாகப் பிரித்து ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளையன்ட் பெயரைக் கோடிங்கில் நிலையாக எழுதியிருந்தால், நான்கும் அதே பெயரில் புரோக்கரிடம் போகும். எம்க்யூடிடி விதிப்படி ஒரே பெயரில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளை வெளியேற்ற வேண்டும். வெளியேறியவர் திரும்ப வருவார், இருப்பவரைத் தள்ளுவார். சில வினாடிக்கு ஒருமுறை இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தால், மாஸ்கிட்டோ லாகில் 'ஏற்கெனவே இணைந்திருக்கிறது, பழைய இணைப்பை மூடுகிறேன்' என்ற பொருளில் ஆங்கில வரி ஓடிக்கொண்டிருக்கும். பெயரை மாற்றினால் சண்டை நிற்கும், ஆனால் ஒவ்வொரு நிலைச் சேதியும் நான்கு முறை கையாளப்படும். ஆகவே எம்க்யூடிடியைக் கேட்கும் பகுதியைத் தனி ப்ராசஸாக எடுத்து சிஸ்டம்டியில் (லினக்ஸின் சேவை மேலாளர்) ஓட்டுங்கள். அது நிலையை ரெடிஸிலோ எஸ்க்யூலைட்டிலோ எழுதட்டும், வொர்க்கர்கள் அங்கிருந்து படிக்கட்டும். எம்க்யூடிடிக்கான பைதான் நூலகமான பாஹோவின் பதிப்பையும் பாருங்கள். 2024-இல் வந்த 2.0-இல் கால்பேக் முறை மாறிவிட்டது; லேப்டாப்பில் 1.6 இருந்து சர்வரில் புதியது இறங்கியிருந்தால் தொடங்கும்போதே பிழை காட்டி நிற்கும். பதிப்பு எண்ணை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் எழுதிவைப்பது இதற்குத்தான்.

பட்டனின் நிறத்தைப் பற்றி ஒரு சொல். அழுத்தியதும் 'ஆன்' என்று பச்சை காட்டாதீர்கள். கட்டளை புரோக்கரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கும் ரிலே இயங்கியது என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. ஸ்விட்ச் தன் நிலைத் தலைப்பில் பதில் அனுப்பிய பிறகுதான் பச்சை. 5 வினாடியில் பதில் இல்லையென்றால் 'பதில் இல்லை' என்றே காட்டுங்கள்.

மோட்டார் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எம்க்யூடிடியில் ரீடெய்ன் என்று ஒரு வசதி உண்டு: கடைசிச் சேதியைப் புரோக்கர் பத்திரப்படுத்தி, யார் புதிதாக இணைந்தாலும் கொடுக்கும். நிலைத் தலைப்புக்கு அது நல்லது. கட்டளைத் தலைப்புக்கு ஆபத்து. 'ஆன்' கட்டளையை ரீடெய்ன் போட்டு அனுப்பிவிட்டீர்கள், மோட்டாரைச் சுவர் பட்டனில் நிறுத்திவிட்டீர்கள். இரவு 2 மணிக்குக் கரண்ட் போய் வருகிறது. ஸ்விட்ச் உயிர்பெற்றுப் புரோக்கரிடம் போகிறது, பழைய 'ஆன்' கையில் கிடைக்கிறது, யாரும் தொடாமலே மோட்டார் கிளம்புகிறது. சம்பில் தண்ணீர் இல்லையென்றால் வெறுமனே ஓடிச் சீல் கருகும். ஏற்கெனவே அப்படி அனுப்பியிருந்தால், அதே தலைப்புக்கு ரீடெய்ன் போட்டு ஒரு வெற்றுச் சேதி அனுப்பினால் அழியும். இத்துடன் டாஸ்மோட்டா கன்சோலில் பவர்ஆன்ஸ்டேட் 0 கொடுங்கள். அதன் இயல்புநிலை 3. கரண்ட் வந்ததும் முன்பிருந்த நிலைக்குத் திரும்பும் என்று பொருள். 0 என்றால் எப்போதும் ஆஃபில்தான் தொடங்கும். பல்ஸ்டைம் 1900 என்றும் கொடுங்கள். 112-க்கு மேல் அந்த எண்ணிலிருந்து 100-ஐக் கழித்தால் வினாடி, ஆக 1800 வினாடி, அரை மணி நேரம். உங்கள் தொட்டி 20 நிமிடத்தில் நிறையும் என்றால் 1300 போதும். 'ஆன்' போனபின் இன்டர்நெட், சர்வர், ரவுட்டர் எது செத்தாலும் ஸ்விட்ச் தானே மோட்டாரை நிறுத்திவிடும். நேரக் கட்டுப்பாட்டை வெப் ஆப்பில் மட்டும் எழுதி வைப்பது போதாது. ஆஃப் கட்டளை வந்து சேராத நாள் ஒன்று வரும்.

நெட்வொர்க் கோளாறு போலவே வேடமிடும் மின் கோளாறு ஒன்றும் உண்டு. இந்த ஸ்விட்சுகளின் ரிலே பெரும்பாலும் 10 ஆம்பியர். மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுக்கும் கரண்டைப்போல் பல மடங்கு இழுக்கும், நாளடைவில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஆப் 'ஆஃப்' காட்டும், டாஸ்மோட்டாவும் 'ஆஃப்' சொல்லும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) ஒன்று வையுங்கள். ஸ்விட்ச் அதன் சுருளை இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கட்டும். அந்த வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் வரும் கோளாறுகளில் இரண்டைச் சொல்கிறேன். வீட்டில் கரண்ட் திடீரென்று போனால் ஸ்விட்ச் விடைபெறாமலே மறைந்துவிடும். புரோக்கருக்கு அது உடனே தெரியாது. கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறேன் என்று தெரிவிக்கும் இடைவெளி) நேரத்தின் ஒன்றரை மடங்கு காத்திருந்துதான் இணைப்பை மூடும். டாஸ்மோட்டாவில் அது 30 வினாடி, ஆக 45 வினாடி வரை ஸ்விட்ச் உயிரோடு இருப்பதாகத் தெரிவது இயல்பு. அதன் பிறகு எல்டபிள்யூடி (ஸ்விட்ச் மறைந்தால் அதன் சார்பில் புரோக்கர் அனுப்பும் கடைசிச் சேதி) தலைப்பில் 'ஆஃப்லைன்' வரும், ஆப் அதைக் கேட்டு பட்டனைச் சாம்பல் நிறமாக்கட்டும். பை நடுவில் இருந்தால் இந்தச் சேதி விபிஎஸ்ஸுக்கு வர பையும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், பிரிட்ஜின் நிலையையும் சேர்த்துக் கண்காணியுங்கள். இரண்டாவது, 90 நாள் கோளாறு. சான்றிதழ் 90 நாள் செல்லும். சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் நிரல் 30 நாள் மிச்சமிருக்கும்போதே புதுப்பித்துவிடும். மாஸ்கிட்டோ பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடும். கோப்பு புதிது, கையில் இருப்பது பழையது. 90-ஆவது நாள் கடந்ததும், எதையும் தொடாத ஒரு காலையில், இணைப்பு எல்லாம் அறுந்துபோகும். புதுப்பித்தவுடன் பிரதியை மாற்றி மாஸ்கிட்டோவை ரீலோட் செய்யும் இரண்டு வரி ஸ்கிரிப்டை சர்ட்பாட்டின் டெப்ளாய் ஹுக்கில் இன்றே போட்டுவிடுங்கள்.

வீட்டுப் பக்கத்தில் சில்லறை விஷயங்கள்: இஎஸ்பி8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். கெஸ்ட் வைஃபையில் சேர்த்தால் பையைப் பார்க்க முடியாமல் போகலாம். பைக்கு ரவுட்டரில் ஐபியை ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் ஒரு ரீஸ்டார்ட்டில் முகவரி மாறி ஸ்விட்சுகள் அனாதையாகிவிடும். பையில் கடிகார பேட்டரி இல்லாவிட்டால், கரண்ட் வந்ததும் நேரம் பழைய தேதியில் நிற்கும், 'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பிரிட்ஜ் மறுக்கும். என்டிபி (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் முறை) மூலம் நேரம் சரியானபின் தானே சரியாகும்; ஆகாவிட்டால் யுடிபி 123 போர்ட் எங்கோ அடைபட்டிருக்கிறது.

இதற்குப் பிறகும் நின்றால், மூன்று விஷயங்களைப் பதிவிடுங்கள். விபிஎஸ்ஸுக்குள்ளிருந்தே மாஸ்கிட்டோவின் சப்ஸ்கிரைப் கட்டளையை 8883-இல் ஓட்டினால் என்ன வருகிறது, அதே கட்டளை மொபைல் டேட்டாவில் இணைத்த லேப்டாப்பிலிருந்து என்ன சொல்கிறது, பட்டனை அழுத்திய நிமிடத்தின் மாஸ்கிட்டோ லாக். முதலாவது தோற்றால் கான்ஃபிகில் கோளாறு, முதலாவது ஜெயித்து இரண்டாவது தோற்றால் ஃபயர்வால். இரண்டும் ஜெயித்தால் லாகைப் பார்த்துத்தான் மேலே சொல்ல முடியும். போடும் முன் கடவுச்சொல்லையும் பொது ஐபியையும் அழித்துவிடுங்கள்.